நாட்டுக்கு நாடு வீட்டுச் செலவை ஒப்பிடணுமா? முதல்ல எந்த டப்பால என்ன இருக்குன்னு பாருங்க

உலக மேப் ஒண்ணு வாட்ஸ்அப்ல அப்பப்போ சுத்தும், பாத்திருப்பீங்க. எந்த நாட்டுல வீட்டுச் செலவுல எத்தனை சதவீதம் சாப்பாட்டுக்குப் போகுதுன்னு கலர் கலரா போட்டிருக்கும், நைஜீரியா 59, அமெரிக்கா 6 இல்லன்னா 7. எங்க ஃபேமிலி குரூப்புல அது வந்து விழுந்தப்போ நியூஜெர்சில இருக்குற எங்க அண்ணன் கடுப்பாயிட்டார். "ஏழு சதவீதமா? எங்க வீட்டு மளிகை பில்ல அனுப்பட்டுமா?"ன்னு ஒரே சத்தம். நான் சும்மா இருந்திருக்கலாம், இருக்கல. அமெரிக்க தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தோட சர்வேய தேடி எடுத்தா அதுல 2023க்கு 12.9 சதவீதம்னு போட்டிருக்கு. ஒரே நாடு, ஒரே சாப்பாடு, ஒரு நம்பர் இன்னொண்ணுல பாதி.

ரெண்டுல எதுவும் பொய் இல்ல. மேப்ல இருக்குறது வீட்டுல சமைக்க வாங்குற சாமான் மட்டும், ஹோட்டல் செலவு அதுல கிடையாது. சர்வேல ரெண்டும் சேத்து. அந்த வருஷம் சராசரி அமெரிக்க வீடு மொத்தம் 77,280 டாலர் செலவு பண்ணிருக்கு, அதுல சாப்பாடு 9,985, அதுல வீட்டுக்கு வாங்குனது 6,053, வெளிய சாப்பிட்டது 3,933. வெளிய சாப்பிட்டத தூக்கிட்டு வகுத்துப் பாருங்க, 7.8 வருது. மீதி இருக்குற சின்ன வித்தியாசம் கீழ இருந்து வருது, அதாவது எதால வகுக்குறோம்ங்குறது. தேசியக் கணக்குல (சர்வே இல்ல, ஜிடிபி போடுறதுக்காக நாடு மொத்தத்துக்கும் எழுதுற கணக்கு) இருந்து எடுத்தா இன்சூரன்ஸ் கம்பெனி ஆஸ்பத்திரிக்குக் கட்டுற காசு கூட வீட்டு நுகர்வுல சேந்து மொத்தம் பெருசாயிடும், மொத்தம் பெருசானா சாப்பாட்டுப் பங்கு சின்னதா தெரியும்.

இந்தக் கூத்துக்கு அப்புறம்தான் நான் ஒழுங்கா ஒரு முறை வெச்சுக்கிட்டேன். நான் எகனாமிஸ்ட் எல்லாம் இல்ல, கணக்குப் புத்தகம் எழுதுற பழக்கம் உள்ள திருச்சிக்காரி, அவ்ளோதான். உங்களுக்கும் உபயோகப்படலாம்னு எழுதுறேன்.

முதல்ல கேள்விய ஒரு வரில எழுதிடுங்க. "எந்த நாட்டுல வாழ்றது காஸ்ட்லி" அப்டிங்குறது வேற கேள்வி, "எந்த நாட்டுக்காரங்க எதுக்கு அதிகமா செலவு பண்றாங்க"ங்குறது வேற. முதல் கேள்விக்கு விலை வேணும், ரெண்டாவதுக்கு பங்கு வேணும். பாதி பேரு ஒண்ண கேட்டுட்டு இன்னொண்ணுக்கு டேட்டா தேடுவாங்க. பங்கு மட்டும் போதும்னா உங்களுக்கு பாதி தலைவலி இல்ல, ஏன்னா சதவீதத்துக்கு கரன்சி மாத்தவே வேண்டாம்.

அடுத்தது டேட்டா. செய்திக் கட்டுரைல இருந்து எடுக்காதீங்க, நேரா அந்தந்த நாட்டு சர்வேக்குப் போங்க, எல்லாமே இலவசம்தான். இந்தியாவுக்கு புள்ளியியல் அமைச்சகத்தோட வீட்டு நுகர்வுச் செலவு சர்வே, கடைசியா 2022-23லயும் 2023-24லயும் நடந்தது. அமெரிக்காவுக்கு மேல சொன்னது. பிரிட்டனுக்கு அவங்க புள்ளியியல் அலுவலகம் ஓஎன்எஸ் போடுற குடும்பச் செலவு அறிக்கை. ஜப்பானுக்கு குடும்ப வரவு செலவு சர்வே, இது மாசா மாசம் வரும். ஐரோப்பா மொத்தத்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தோட புள்ளியியல் அலுவலகம் யூரோஸ்டாட். ஆனா ஒரு நாட்டுக்கு சர்வேயும் இன்னொரு நாட்டுக்கு தேசியக் கணக்கும் எடுத்துட்டு பக்கத்துல பக்கத்துல வெக்காதீங்க, எங்க அண்ணன் சண்டை அப்டித்தான் ஆரம்பிச்சது.

சர்வேய எடுத்த உடனே நம்பர் பக்கத்துக்கு ஓடாம, எப்படிக் கேட்டாங்கன்னு எழுதியிருக்குற பக்கத்த படிங்க. போர் அடிக்கும், ஆனா விஷயமே அங்கதான் இருக்கு. நம்ம ஊர்ல ஆள் வீட்டுக்கு வந்து கேப்பாங்க, காய்கறி முட்டை மீன் கறிக்கு போன 7 நாள், அரிசி பருப்புக்கு 30 நாள், துணிமணி செருப்பு ஃப்ரிட்ஜு இதுக்கெல்லாம் 365 நாள். பிரிட்டன்ல ரெண்டு வாரம் டைரி எழுதச் சொல்வாங்க, 7 வயசுல இருந்து 15 வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்குக் கூட தனியா ஒரு சின்ன டைரி உண்டு, பாக்கெட் மணி எங்க போச்சுன்னு எழுத. ஜப்பான்ல ரெண்டு பேரும் அதுக்கு மேலயும் இருக்குற வீடுகள ஆறு மாசம் கணக்குப் புத்தகம் எழுத வெக்குறாங்க (ஆறு மாசம்! எங்க வீட்டுல ஆறு நாள் எழுதினா பெருசு). ஞாபகத்துல இருந்து சொல்றதும் அன்னன்னிக்கே எழுதுறதும் ஒண்ணா இருக்காது, வழியில சாப்பிட்ட வடை ஞாபகத்துல நிக்காது, டைரில நிக்கும்.

"வீடு"ன்னா என்னங்குறதுலயே வித்தியாசம் இருக்கு. நம்ம சர்வேல ஒரே அடுப்புல சமைச்சு சாப்பிடுறவங்க ஒரு வீடு. அமெரிக்கால காச சேந்து செலவு பண்றவங்க ஒரு யூனிட், ஒரே அபார்ட்மெண்ட்ல தனித்தனி கணக்கா இருக்குற ரெண்டு ரூம்மேட் ரெண்டு யூனிட்.

அப்புறம் தலைப்பு நம்பர் ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு தினுசு. பிரிட்டன்ல வாரக் கணக்கு, வீட்டுக்கு: 2023 மார்ச்சோட முடிஞ்ச வருஷத்துல 567.70 பவுண்டு. அமெரிக்கால வருஷக் கணக்கு, வீட்டுக்கு. ஜப்பான்ல மாசக் கணக்கு, ரெண்டு பேரும் அதுக்கு மேலயும் இருக்குற வீட்டுக்கு: 2024ல 3,00,243 யென். நம்மளது மாசக் கணக்கு ஆனா தலைக்கு: 2023-24ல கிராமத்துல 4,122 ரூபாய், நகரத்துல 6,996. இந்த 6,996ஐ "இந்தியக் குடும்பத்தோட மாசச் செலவு"ன்னு போட்டு எத்தனை போஸ்ட் வந்துச்சுன்னு எண்ண முடியாது. குடும்பத்துக்கு இல்லீங்க, ஆளுக்கு. நாலு பேர் வீடுன்னா 28,000 கிட்ட வரும்.

இப்போ முக்கியமான இடம், டப்பா. ஒவ்வொரு சர்வேயும் செலவ டப்பா டப்பாவா பிரிச்சு மேல லேபிள் ஒட்டும், லேபிள் ஒரே மாதிரி இருக்கும், உள்ள இருக்குறது ஒரே மாதிரி இருக்காது. ஐநா இதுக்குன்னு ஒரு பொது வகைப்பாடு வெச்சிருக்கு, பேரு கோயிகாப், 1999ல வந்தது, 2018ல திருத்துனாங்க. அதுல சாப்பாட்டுச் சாமான் ஒரு பிரிவு, சரக்கும் சிகரெட்டும் இன்னொண்ணு, ஹோட்டல் சாப்பாடு ரொம்பத் தள்ளி வேற ஒண்ணு. ஐரோப்பிய நாடுகள் இத வெச்சுத்தான் போடுது. நம்ம சர்வேல பலகாரம், வெளிய வாங்குன சாப்பாடு, டீ காப்பி எல்லாம் "பானங்கள், பதப்படுத்திய உணவு"ன்னு சாப்பாட்டுக்குள்ளயே போயிடும். 2022-23ல நகரத்துல சாப்பாட்டுப் பங்கு 39.17 சதவீதம், அதுல 10.64 இந்த ஒரு டப்பாதான். யூரோஸ்டாட் நம்பரோட ஒப்பிடணும்னா ஒண்ணு இத தூக்கணும், இல்ல அங்க ஹோட்டல சேக்கணும்.

சாப்பாட்ட விட மோசம் வீடு. அமெரிக்கால ஹவுசிங் 32.9 சதவீதம். ஜப்பான்ல 6 சதவீதம் சுமார். உடனே "ஜப்பான்ல வாடகை எவ்ளோ சீப் பாரு"ன்னு கிளம்பிடாதீங்க, டோக்கியோல இருக்குறவங்க அடிக்க வருவாங்க. அமெரிக்க டப்பாவ திறந்தா உள்ள வாடகை, வீட்டுக் கடன் வட்டி, சொத்து வரி, கரண்ட், கேஸ், தண்ணி, சோஃபா, சோப்புத்தூள், போன் பில் வரைக்கும் இருக்கு. ஆமா, போன் பில் ஹவுசிங்ல. ஜப்பான் டப்பால வாடகையும் ரிப்பேரும்தான், கரண்ட் கேஸ் வேற டப்பா, வீட்டுக் கடன் தவணை நுகர்வுச் செலவாவே எண்ணப்படாது. சொந்த வீட்டுல இருக்குற பெரியவங்க அங்க ஏகப்பட்ட பேர், அவங்களுக்கு வாடகை சைபர், சராசரி அப்டியே படுத்துடுது. பிரிட்டன்லயும் வீட்டுக் கடன் தவணைய வீட்டுச் செலவு டப்பால தேடினா கிடைக்காது. நம்ம சர்வேலயும் சொந்த வீட்டுக்கு வாடகை மதிப்பு போடுறதில்ல, அதனால 2022-23ல நகரத்துலயே வாடகைப் பங்கு 6.5 சதவீதம் சுமார்தான், கிராமத்துல 1 கூட இல்ல. ஆனா தேசியக் கணக்குன்னு போனா சொந்த வீட்டுக்காரர் தனக்குத்தானே வாடகை கொடுக்குற மாதிரி ஒரு தொகைய போட்டு சேத்துக்குவாங்க. அதனால என் பழக்கம் என்னன்னா, வீட்டு டப்பாவ ரெண்டு நாட்டுலயும் மொத்தமா வெளிய எடுத்து வெச்சுட்டு மீதிக்கு மட்டும் சதவீதம் போட்டுப் பாக்குறது. வீடு இல்லாம ஒரு தடவ, வீட்டோட ஒரு தடவ. ரெண்டுலயும் ஒரே கதை வந்தா நம்பலாம்.

சேமிப்பு வேற எங்க ஒளிஞ்சிருக்குன்னு பாக்கணும். அமெரிக்க 77,280ல 12.4 சதவீதம் "பர்சனல் இன்சூரன்ஸ் அண்ட் பென்ஷன்", சோஷியல் செக்யூரிட்டிக்குப் பிடிக்கிறது உட்பட. நம்ம பிஎஃப் பிடித்தம், சீட்டுக் காசு எதுவும் நம்ம சர்வேல செலவு இல்ல. ஆனா தங்க நகை செலவு! நம்ம வீட்டுல யாராவது நகை வாங்குறத செலவுன்னு சொல்வாங்களா, அவசரத்துக்கு அடகு வெக்கத்தானே வாங்குறோம், ஆனா சர்வேல அது வீட்டுச் சாமான்களோட சேந்துடுது.

அப்புறம் யார் காசுங்குற கேள்வி. பிரிட்டன்ல மருத்துவச் செலவுப் பங்கு துளியூண்டா இருக்கும், ஏன்னா அங்க அரசாங்க மருத்துவ சேவை, என்எச்எஸ், வரியில ஓடுது. அமெரிக்கால 8 சதவீதம், அதுவும் கம்பெனி கட்டுற இன்சூரன்ஸ் பங்க சேக்காம. வரியா போனது வீட்டுச் செலவுல தெரியாது. நமக்கு இதே கதை ரேஷன்ல. தமிழ்நாட்டுல பல கார்டுகளுக்கு மாசம் 20 கிலோ அரிசி சும்மா வருது, செலவு சைபர், சாப்பிட்டது 20 கிலோ. அதனாலதான் 2022-23ல இருந்து சர்வேல ரெண்டு நம்பர் தர்றாங்க: 2023-24க்கு இலவசத்துக்கு விலை போடாம கிராமத்துல 4,122, நகரத்துல 6,996, போட்டு 4,247, 7,078. ரேஷன் அரிசி மட்டும் இல்ல, லேப்டாப், சைக்கிள், ஸ்கூல் யூனிஃபார்ம் கூட அந்தக் கணக்குல வருது. இலவசப் படிப்பு, வைத்தியம் வராது. கிராமத்துல தானியத்தோட பங்கு 2011-12ல 10.7 சதவீதம் சுமார் இருந்தது 2022-23ல 4.9க்கு இறங்கிடுச்சுன்னு சொல்றதுல கொஞ்சம், மக்கள் அரிசிய விட்டுட்டு முட்டை பாலுக்குப் போனது, கொஞ்சம் அரிசி இலவசமானது. எது எவ்ளோன்னு பிரிக்காம "இந்தியர்கள் சோறு சாப்பிடுறத நிறுத்திட்டாங்க"ன்னு தலைப்பு வெச்சா என்ன பண்றது.

தொகையத்தான் ஒப்பிடணும்னா இனிமேதான் கரன்சி. அமெரிக்க வீட்டுல சராசரி 2.5 பேர், அப்போ தலைக்கு மாசம் 2,576 டாலர். அப்போ இருந்த சுமார் 83 ரூபாயால பெருக்குனா 2,13,800. நம்ம நகரத்து 6,996ஓட பாத்தா 30 மடங்கு. மலைப்பா இருக்குல்ல? ஆனா அங்க ஒரு தடவ முடிவெட்டுற காசுக்கு இங்க வீட்டுல எல்லாரும் வெட்டிக்கலாம். அதுக்குத்தான் பிபிபி, வாங்கும் திறன் சமநிலை, அதாவது அங்க ஒரு டாலருக்கு வாங்குறத இங்க வாங்க எத்தனை ரூபாய் வேணும்ங்குற கணக்கு. உலக வங்கி நடத்துற விலை ஒப்பீட்டுல 2017ல ஒரு டாலருக்கு 20.65 ரூபாய் வந்துச்சு, அப்போ மார்க்கெட் ரேட் 65.12. அதுக்கப்புறமும் பிபிபி 20ஐ ஒட்டித்தான் நிக்குது. 20ன்னு வெச்சா 2,576 டாலர் 51,500 ரூபாய், ஏழு மடங்கு சொச்சம். அந்த 12.4 சதவீத பென்ஷன் டப்பாவ கழிச்சா ஆறரை மடங்கு. 30ல ஆரம்பிச்சு ஆறரைக்கு வந்துட்டோம், ஒரு புது டேட்டா கூட தேடாம. ஒண்ணு மட்டும், பிபிபி மொத்த கூடைக்கானது, அத வெச்சு தக்காளி விலைய மட்டும் ஒப்பிடாதீங்க.

தலைக்கு வகுக்குறதும் முழு நியாயம் இல்ல. ரெண்டு பேர் இருந்தாலும் நாலு பேர் இருந்தாலும் ஃப்ரிட்ஜு ஒண்ணுதான். அதுக்கு பணக்கார நாடுகளோட கூட்டமைப்பு ஓஇசிடியோட வழக்கம் ஒண்ணு இருக்கு, ஆளுக்கு ஒரு எடை போட்டுக் கூட்டி அதால வகுக்குறது: முதல் பெரியவருக்கு 1, அடுத்த பெரியவங்க ஒவ்வொருத்தருக்கும் 0.5, 14 வயசுக்குள்ள குழந்தைக்கு 0.3. கூட்டுக் குடும்பம் இருக்குற நாட்டயும் தனியா இருக்குறவங்க அதிகம் இருக்குற நாட்டயும் வெக்கும்போது இது பெரிய வித்தியாசம் காட்டும்.

வருஷமும் முக்கியம். இலங்கையோட 2019 சர்வேல வீட்டுக்கு மாசச் செலவு 63,130 இலங்கை ரூபாய். அதை இன்னிக்கு நம்பரோட வெக்க முடியுமா, நடுவுல 2022 செப்டம்பர்ல கொழும்புல சாப்பாட்டு விலைவாசி வருஷத்துக்கு 94.9 சதவீதம் ஏறிக் கிடந்துச்சு. சொந்த நாட்டுக்குள்ளயே கூட கவனமா இருங்க, நம்ம 2011-12 சர்வேல ஒரே தடவ வந்து எல்லாத்தயும் கேட்டாங்க, 2022-23ல மூணு தடவ வந்து மூணு கேள்வித்தாளா பிரிச்சுக் கேட்டாங்க, பொருள் பட்டியலும் நீளம். சராசரியும் அப்டித்தான், 2022-23ல நகரத்துல அடிமட்ட 5 சதவீதம் தலைக்கு 2,001 ரூபாய், மேல்தட்டு 5 சதவீதம் 20,824. எந்த "இந்தியன்" பத்திப் பேசுறோம்?

டப்பா எவ்ளோ கூத்து பண்ணும்னு பாக்கணும்னா ஜப்பான்ல கியோசா போட்டிய பாருங்க, நம்ம கொழுக்கட்டைய பிறை மாதிரி மடிச்சு கல்லுல போட்ட மாதிரி ஒரு அயிட்டம். உத்சுனோமியா, ஹமமாட்சு, மியாசாகின்னு மூணு ஊருக்கும் வருஷா வருஷம் "கியோசாவுக்கு அதிகம் செலவு பண்ற ஊர் எது"ன்னு போட்டி, டிவில ஓடும், எல்லாம் இந்த குடும்ப சர்வே நம்பர வெச்சுத்தான். ஆனா அந்த நம்பர்ல கடையில வாங்கிட்டு வீட்டுக்குக் கொண்டுபோற கியோசாதான் உண்டு, ஹோட்டல்ல உக்காந்து சாப்பிட்டதும் ஃப்ரீசர் பாக்கெட்டும் கிடையாது. கியோசா கடைகளுக்கே பேர் போன ஊர் உத்சுனோமியா, அங்க கடையில சாப்பிட்டது எதுவும் கணக்குல ஏறாது, பாவம்.

ஜப்பான்னு வந்ததால இன்னொண்ணும். சாக்சனில எர்ன்ஸ்ட் ஏங்கல்னு ஒரு புள்ளியியல்காரர் 1857ல சொன்னது, வருமானம் ஏற ஏற சாப்பாட்டுப் பங்கு இறங்கும்னு. பொதுவா சரிதான். ஆனா ஜப்பானோட பங்கு 2024ல 28.3 சதவீதம், 43 வருஷத்துல இல்லாத உயரம், அமெரிக்காவ விட ரெண்டு மடங்குக்கு மேல. அதுக்காக ஜப்பான் அந்த அளவுக்கு ஏழைன்னு அர்த்தம் இல்ல. யென் விழுந்து இறக்குமதிச் சாப்பாடு விலை ஏறினது ஒண்ணு, வயசானவங்க வீடு அதிகமாகி மத்த செலவு சுருங்கினது ஒண்ணு, கடன் தவணையும் பென்ஷனும் கீழ இருக்குற மொத்தத்துல இல்லாதது இன்னொண்ணு. அமெரிக்க மொத்தத்துல இருந்து ஹவுசிங்கயும் பென்ஷனயும் கழிச்சுட்டு சாப்பாட்டப் போடுங்க, 12.9 அப்டியே 23.6 ஆயிடும். ஜப்பான்லயும் அந்த 6ஐ கழிச்சா 30 (கரண்ட், கேஸ் அங்க வேற டப்பால இருக்கு, அதையும் கழிச்சா இன்னும் ஏறும்). இடைவெளி இருக்கு, ஆனா முதல்ல பாத்த ரெண்டு மடங்கு இல்ல.

இதையெல்லாம் சொந்த வீட்டுல செஞ்சு பாத்தாதான் மண்டைல ஏறும். நானும் அண்ணியும் போன மார்ச் மாசக் கணக்க வீடியோ கால்ல வெச்சு ஒரு ஷீட்ல போட்டோம். வரிசைக்கு ஒரு பொருள், பக்கத்துல நாலு கட்டம்: எவ்ளோ, யார் குடுத்தது, எத்தனை நாளுக்கு வரும், எந்த டப்பா. எங்க வீட்டுல நான், வீட்டுக்காரர், மாமியார், காலேஜ் போற பொண்ணு, ஓஇசிடி கணக்குல 2.5. அண்ணி வீட்டுல ரெண்டு பெரியவங்க ரெண்டு சின்னப் பசங்க, 2.1.

மளிகை வரிசைல வந்தப்போ கருவேப்பிலை ஒன்னேமுக்கால் டாலர்னு சொன்னாங்க.

"என்ன அண்ணி, ஒன்னேமுக்காலா?"

"ஆமாம்மா, அதுவும் ஒரு சின்ன கவரு. உனக்கு எவ்ளோ?"

எனக்கு கொசுறு. காய்க்காரம்மா காய் போட்டுட்டு மேல ஒரு கொத்து வெச்சுடுவாங்க. ஷீட்ல சைபர்னு போட்டா நான் கருவேப்பிலையே சாப்பிடல போலன்னு ஆகுது. அதே மாதிரி டவுன் பஸ்ல எனக்கும் பொண்ணுக்கும் மாமியாருக்கும் டிக்கெட் சைபர், அண்ணிக்கு பெட்ரோலும் கார் இன்சூரன்சும். அண்ணி வருஷத்துக்கு ஒரு தடவ கட்டுற கார் இன்சூரன்ஸ் மார்ச்லயே விழுந்துருச்சு, மூணாவது கட்டம் இல்லன்னா அந்த ஒரு மாசத்துலயே அவங்க போக்குவரத்துக்கு சொத்தயே எழுதி வெச்ச மாதிரி தெரிஞ்சிருக்கும், 12ஆல வகுத்தோம். கொசுறுக்கு நான் அஞ்சு ரூபாய் போட்டேன், கடைசிக் கட்டத்துல "கொசுறு"ன்னே எழுதி வெச்சிருக்கேன்.

முடிவு எழுதும்போது நான் நாட்டுப் பேரும் சதவீதமும் மட்டும் போடுறதில்ல, "ஹோட்டல் சேத்து, வீடு சேக்காம, ரேஷன் விலை போட்டு, 2023-24"ன்னு வாலையும் சேத்தே போடுவேன். நீளமாத்தான் இருக்கும். குரூப்புல போட்டப்போ அண்ணன் "இவ்ளோ நீளத்த எவன் படிப்பான்"ன்னு கேட்டார், அடுத்த நிமிஷம் "சரி எங்க வீட்டுக்கு ஹோட்டல் சேத்து எத்தன வந்துச்சு"ன்னும் கேட்டார். சொன்னேன். அதுக்கப்புறம் அன்னிக்கு அவர் குரூப்புல எதுவும் பேசல.